உள்ளிருந்து உணர்வது யார்?



மையித்தைக் குளிப்பாட்டும் வேளையில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சொல் ஒன்றுண்டு. "மெதுவா ஊத்துங்க, நோகும்" என்பார்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பிறந்து வளர்ந்தோர் இதனைப் பலமுறை கேட்டிருப்பர். நீர் சுடுதல் ஆகாது. உடல் விறைக்கும்படி குளிர்ந்திருத்தலும் ஆகாது. கைகால் மூட்டுகளை வலிந்து மடக்கலாகாது. உறங்கும் குழந்தையைத் தூக்குவது போலவே தூக்குதல் வேண்டும். சிறுவனாயிருந்த காலத்தில் ஒரு நாள் திரைச்சீலைக்கு வெளியே நின்று இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நான், அருகே நின்ற முதியவர் ஒருவரிடம், "மௌத்தானவருக்கு எப்படி நோகும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. விளக்கம் கூறவும் இல்லை. "நமக்கு என்ன தெரியும், மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீர் முகரச் சென்றார்.

அந்த விடையை அன்று நான் விடையாகக் கொள்ளவில்லை. முதியவர் தெரியாமையால் நழுவுகிறார் என்றே எண்ணினேன். ஆயினும், அச்சிறுபிள்ளைக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேரறிஞர்கள் பலரும் எழுப்பிவந்த கேள்வியே என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். நோவை அறிவது எது? நிறத்தைக் காண்பது எது? 'நான்' என்று தன்னைச் சுட்டிக்கொள்வது எது? அஃது உடலா, உடலின் ஓர் உறுப்பா, உடலினின்றும் வேறான ஒரு பொருளா? மற்றொருவரிடம் அஃது உண்டு என்றோ, அஃது அகன்றுவிட்டது என்றோ நாம் எவ்வாறு அறிவோம்? உள்ளிருந்து அறியும் இத்தன்மையையே உணர்வு என்று ஈண்டுக் குறிப்பிடுகிறேன். அதன் இயல்பைப் பற்றி எழுந்த வாதங்களின் வரலாற்றில் சில படிகளை இன்று உங்களோடு சேர்ந்து நடந்து பார்க்க விரும்புகிறேன்.

இவ்வாராய்ச்சிக்கு எமது கரையோரம் பொருத்தமற்ற இடமன்று. மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் இந்நிலத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. காரைதீவைக் கடந்தால் நிந்தவூர். உள்நாட்டுப் பக்கம் சென்றால் பழமை வாய்ந்த தீகவாபித் தாதுகோபம். ஒருவர் இறந்தால், "ரூஹு பிரிந்தது" என்பர் ஓர் ஊரார். "உயிர் பிரிந்தது" என்பர் அடுத்த ஊரார். நிலைபேறுடைய ஆன்மா என ஒன்றில்லை, காரணகாரியத் தொடர்ச்சியே உண்டு என்பர் புத்தர் வழி நிற்போர். மூன்று மரபுகளும் ஒரே வினாவுக்கு விடை தேடியவையே.

காலத்தால் முந்தியதை முதலில் நோக்குவோம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாந்தர். பௌத்த நூல்கள் அவனை மிலிந்தன் என்று கூறும். அவனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலே 'மிலிந்த பஞ்ஹ' என்னும் பாளி நூல். 18ஆம் நூற்றாண்டில் இஃது இலங்கையிலே சிங்களத்தில் பெயர்க்கப்பட்டது. நாகசேனர் என்பது வெறும் பெயரே, அப்பெயருக்குரிய நிலையான ஆள் ஒருவர் உள்ளே இல்லை என்கிறார் துறவி. மன்னன் திகைக்கிறான். அவ்வாறாயின், அறம் செய்வது யார், வினையின் பயனை அடைவது யார் என்று வினவுகிறான். துறவியோ மன்னன் ஏறிவந்த தேரைக் காட்டுகிறார். அச்சு தேராகுமா, சில்லு தேராகுமா, நுகம் தேராகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேரன்று, இவையனைத்தும் கூடியவிடத்தே தேர் என்னும் பெயர் வழங்குகிறது என்று மன்னன் ஒப்புக்கொள்கிறான். மனிதனும் அவ்வாறே என்று முடிக்கிறார் நாகசேனர்.

நம் வயல்வெளிக்குச் சென்று, ஒரு மாட்டுவண்டியின் பாகங்களைக் கழற்றி வைத்துப் பார்த்தாலும் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். ஆனால் ஓர் ஐயமும் உடன் எழும். வண்டியின் சில்லு முறிந்தால் வண்டிக்கு நோவதில்லை. மனிதனின் கால் முறிந்தால் அவனுக்கு நோகிறது. பாகங்கள் கூடிய கூட்டத்தில் இந்நோவு எங்கிருந்து வந்தது?

இவ்வையத்திற்கு ஒரு விடையைத் தமிழ்க் காப்பியம் ஒன்று பதிவு செய்து வைத்திருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையே அது. அதன் காலம் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர் பலர். அந்நூலின் 27ஆவது காதையிலே மணிமேகலை ஆண் துறவி வடிவம் பூண்டு, வஞ்சி மாநகரில் பற்பல சமயவாதிகளையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் இறுதியில் வருபவன் பூதவாதி. நிலம், நீர் முதலிய பூதங்களன்றி வேறு பொருள் இல்லை என்பது அவன் கொள்கை. காட்டாத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் தனித்தனியே உண்டால் மயக்கம் இல்லை. இரண்டையும் கூட்டிப் புளிக்க வைத்தால் அங்கே களிப்பூட்டும் மது பிறக்கிறது. அவ்வாறே பூதங்கள் உரியவாறு கூடினால் உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் பறையின் ஓசை தேய்ந்து மறைவது போல உணர்வும் மறைகிறது என்கிறான்.

இக்காலத்து ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து பேசினாலும் இதனினும் தெளிவாகப் பேசுதல் அரிது. பூதங்கள் என்னும் இடத்தில் அணுக்கள் என்றும் நரம்புக் கலங்கள் என்றும் மாற்றிக்கொண்டால் போதும். பூதவாதி மேலும் ஒன்று கூறுகிறான். கண்முதலிய பொறிகளால் நேரே அறிவதே அறிவு. அனுமானம் என்னும் உய்த்துணர்வைத் தான் ஏற்பதில்லை என்கிறான்.

மணிமேகலையின் மறுமொழி சுருக்கமானது. அனுமானத்தால் அன்றி உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கிறாள். அவள் மதுவின் உவமையை உடைக்க முயலவில்லை. அவனது அளவுகோலையே அசைத்துவிட்டாள். தான் பிறந்ததைத் தானே கண்டவர் எவரும் இலர். 'இவள் என் தாய்' என்று நாம் கொள்ளும் உறுதியான அறிவும் பிறர் சொல்லாலும் உய்த்துணர்வாலும் பெற்றதே. இதனைச் சற்று நீட்டிப் பாருங்கள். நம் தாய்க்கு நோகிறது என்பதை நாம் கண்ணாற் காண்கிறோமா? முகம் சுருங்குவதைக் காண்கிறோம், முனகலைக் கேட்கிறோம். நோவைக் காண்பதில்லை. பிறருடைய உணர்வு எக்காலத்தும் நமக்கு அனுமானமே. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இப்பேச்சின் முடிவில் அதனிடமே திரும்பி வருவோம்.

இனி, அறபு மொழியில் எழுந்த வாதங்களுக்குச் செல்வோம். புகாறா நகருக்கு அண்மையில் 980ஆம் ஆண்டு பிறந்து, 1037ஆம் ஆண்டு ஹமதானில் மறைந்தவர் இப்னு ஸீனா. வைத்தியத்திலும் தத்துவத்திலும் ஒருங்கே தலைசிறந்தவர். 'கிதாபுஷ் ஷிபா' என்னும் அவரது பெருநூலின் ஆன்மா பற்றிய பகுதியிலே ஒரு கற்பனை வருகிறது. ஒரு மனிதன் வளர்ந்த நிலையிலேயே ஒரே கணத்தில் படைக்கப்படுகிறான் என்று கொள்க. அவன் கண்கள் மறைக்கப்பட்டுள்ளன. வெட்டவெளியிலே, காற்றும் மேலே உரசாதவாறு அவன் மிதக்கிறான். ஒரு விரல் மற்றொரு விரலைத் தொடாதபடி உறுப்புகள் விலகி நிற்கின்றன. பார்த்தறியவும் கேட்டறியவும் தொட்டறியவும் அவனுக்கு ஒன்றுமில்லை. தனக்குக் கையும் காலும் நெஞ்சும் இருப்பதையும் அவன் அறியான். அந்நிலையில், தான் இருப்பதை அவன் அறிவானா?

அறிவான் என்கிறார் இப்னு ஸீனா. உடலைப் பற்றிய எவ்வறிவும் இன்றியே தன்னை ஒருவன் அறிய முடியுமாயின், அவ்வாறு அறியப்படும் 'தான்' உடலன்று என்பது அவர் சுட்டிய திசை. இதற்குச் சுமார் 600 ஆண்டுகளின் பின் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், எல்லாவற்றையும் ஐயுறலாம், ஆனால் ஐயுறுகின்ற நான் இருக்கிறேன் என்பதை ஐயுற முடியாது என்று 1637ஆம் ஆண்டு எழுதினார். இருவர் வழியும் ஒன்றல்ல. ஆயினும் இருவரும் வந்து நின்ற வாசல் ஒன்றே.

இவ்வாதத்தில் ஒரு குறையும் உண்டு. இருட்டறையில் நின்று, சாவித்துவாரத்தின் வழியே அடுத்த அறையின் வெளிச்சத்தை மட்டும் காணும் ஒருவன், வெளிச்சம் இருப்பதை அறிவான். விளக்கையும் எண்ணெயையும் அறியான். அதனால், எண்ணெய் இன்றியே அவ்வெளிச்சம் எரிகிறது என்று முடிவு கட்டலாமா? ஒன்றை விட்டு ஒன்றை அறிதல் வேறு. ஒன்றை விட்டு ஒன்று இருத்தல் வேறு. தன் உணர்வு உண்டு என்பதை மறுக்க முடியாது என்னுமளவில் இப்னு ஸீனாவின் வாதம் அசையாதது. அவ்வுணர்வு உடலின்றியும் நிலைக்கும் என்பதற்கு அது போதிய சான்றாகுமா என்பதே பின்வந்தோரின் வினா.

அவ்வாறு வினவியவருள் தலையாயவர் இமாம் கஸ்ஸாலி. 1058இல் பிறந்து 1111இல் மறைந்த இப்பெரியார், பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையில் பேராசானாக இருந்தவர். 1095ஆம் ஆண்டளவில் அவர் முடித்த 'தஹாபுத்துல் பலாஸிபா' என்னும் நூல், தத்துவவாதிகளின் இருபது கொள்கைகளை எடுத்து ஆராய்கிறது. அவற்றுள் 18ஆவது, ஆன்மா தன்னளவில் நிற்கும் உடலற்ற பொருள் என்பதைப் பகுத்தறிவினால் மட்டும் நிறுவிவிடலாம் என்னும் கொள்கை. ஆன்மா இல்லை என்று இமாம் வாதிடவில்லை. நிறுவிவிட்டோம் என்னும் செருக்கையே அவர் சாய்க்கிறார். அவர்களின் சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடை குறைந்தது என்று தள்ளுகிறார்.

பின்னர் அவர் ஆக்கிய 'இஹ்யா உலூமித்தீன்' எமது ஊர் மதறஸாக்களில் நன்கு அறியப்பட்டது. அதில் உள்ளத்தின் அற்புதங்களைக் கூறும் பகுதியின் தொடக்கத்தில் கல்பு, ரூஹு, நப்ஸு, அக்லு என்னும் நான்கு சொற்களை அவர் விளக்குகிறார். கல்பு என்றால் நெஞ்சின் இடப்புறத்தே உள்ள தசைத்துண்டு. அது விலங்குக்கும் உண்டு, பிணத்துக்கும் உண்டு. ஆனால் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. மனிதனிடத்தே அறிவதும் பொறுப்பேற்பதுமாகிய நுண்பொருள் அது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு எத்தகையது என்பதில் அறிவுகள் மலைத்து நிற்கின்றன என்பது இமாமின் கருத்து. ரூஹைப் பற்றி வினவியோருக்குத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், 85ஆம் வசனத்தில் கிடைத்த மறுமொழியும், அஃது இறைவனின் கட்டளையைச் சார்ந்தது, மனிதருக்கு அளிக்கப்பட்ட அறிவு சிறிதே என்பதாகும். எங்கள் முதியவர் எனக்குக் கூறியதும் இம்மரபிலிருந்து வந்த சொல் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அடுத்து வருபவர் ஸ்பானியாவின் இப்னு துபைல். அரசனின் வைத்தியராய் இருந்து 1185ஆம் ஆண்டு மறைந்தவர். 'ஹய்யு இப்னு யக்ளான்' என்னும் அவர் கதை 1671இல் இலத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றது. கதை நிகழும் இடம், பூமத்திய ரேகையை ஒட்டிய இந்தியத் தீவுகளுள் ஒன்று. அது நம் நாடே என்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆயினும், தென்னை நிழலில் இருந்து அதனைப் படிக்கும் எவருக்கும் அக்கரை அயற்கரையாகத் தோன்றாது.

மனிதர் வாழாத அத்தீவிலே ஒரு குழந்தை. அதனைப் பால் கொடுத்து வளர்ப்பது ஒரு பெண்மான். குழந்தை வளர வளர மான் மூப்படைகிறது. ஒரு நாள் அசைவற்றுக் கிடக்கிறது. சிறுவன் கூப்பிடுகிறான், மான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை ஆராய்கிறான், காதை ஆராய்கிறான். வெளியே பழுது ஒன்றும் இல்லை. தடை உள்ளே இருக்கிறது, அதனை நீக்கினால் தாய் எழுந்துவிடுவாள் என்று எண்ணி, கூரிய கல்லாலும் காய்ந்த நாணற்சிம்பாலும் நெஞ்சைப் பிளக்கிறான். இதயத்தைக் காண்கிறான். வலப்புற அறையில் உறைந்த குருதி. இடப்புற அறை வெறுமை. இங்கே குடியிருந்த ஒன்று போய்விட்டது, தன்னை அன்போடு வளர்த்தது அதுவேயன்றி இவ்வுடலன்று என்று அவன் தெளிகிறான். பின்னர், ஒரு காகம் இறந்த காகத்தைப் புதைப்பதைக் கண்டு, தானும் தாயைப் புதைக்கிறான். ஆதம் நபியின் மைந்தர் கதையை அறிந்த நேயர்களுக்கு அக்காகம் புதியதன்று.

ஒரு பிள்ளையின் துயரத்தில் பிறந்த ஆராய்ச்சியாக இதனை அமைத்தது இப்னு துபைலின் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயிர்ப்பின் இருக்கையை அவன் இதயத்தில் தேடினான். அறிவின் இருக்கை இதயமே என்றார் கிரேக்க மேதை அரிஸ்டாட்டில். மூளையே என்றார் 2ஆம் நூற்றாண்டு வைத்தியர் கலேன். அவ்வழக்கு அறபு நாடுகளிலும் தொடர்ந்தது. ஏட்டுச் சண்டையாக இருந்த அது நம் காலத்தில் வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதைச் சிறிது நேரத்தில் பார்ப்போம்.

அதற்கு முன், தமிழகத்துக்கு ஒருமுறை திரும்புவோம். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே உடைய சிறுநூல். அதன் மூன்றாம் சூத்திரம், உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. 'இஃது அன்று, இஃது அன்று' என்று ஒவ்வொன்றாக மறுத்துச் சென்றாலும், மறுக்கின்ற ஒன்று எஞ்சி நிற்கிறது. 'என் வீடு' என்பது போலவே 'என் உடல்' என்கிறோம். ஆகவே உடையவன் உடைமையினும் வேறு. கண் கேளாது, செவி காணாது. ஐந்து பொறிகளும் கொணர்வதை ஒருங்கே அறியும் ஒன்று உண்டு. கனவு ஒடுங்கிய பின்னும் கனவை அறிந்து சொல்கிறோம். ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. ஆயினும் உண்பதும் வினை செய்வதும் இல்லை. ஆகவே மூச்சும் அறிபவன் அன்று. இவ்வாறு செல்கிறது அவர் வாதம். இதில் உடலை 'இயந்திரம்' என்றே அவர் குறிப்பிடுகிறார். இறுதியாக, உயிர் தானே எல்லாம் அறிவதன்று, உணர்த்த உணர்வது என்று கூறி, அதனை இறைவனினின்றும் பிரித்துக் காட்டுகிறார்.

முதற் காரணத்தைப் படிக்கையில் இப்னு ஸீனாவின் மிதக்கும் மனிதன் நினைவுக்கு வருகிறான். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே உண்மையின் முன் நின்றிருக்கிறார்கள். தேரைக் கழற்றிக் காட்டிய நாகசேனருக்கு மெய்கண்டாரின் இரண்டாம் காரணம் உடன்பாடாகாது. 'என் உடல்' என்பது வெறும் பேச்சுவழக்கு என்று அவர் கூறக்கூடும். வாதம் முடியவில்லை. ஆனால் மூவரும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றனர். நோவு உண்டு என்பதே அது. நோவுக்கு உரிய நிலையான ஆள் உண்டா என்பதிலேதான் பிணக்கு.

இவ்வாதங்கள் எமது கரையோரத்தில் நூலேட்டோடு நின்றுவிடவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களும் தக்கலை பீர் முஹம்மது அப்பாவின் ஞானப் பாடல்களும் தமிழ் முஸ்லிம்களிடையே பாடப்பட்டு வந்தன. 'தன்னை அறிதல்' என்னும் தொடர் அவற்றின் வழியே எழுத்தறியாதார் செவிக்கும் எட்டியது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை அவர்கள் 1898ஆம் ஆண்டு மறையுமுன், 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் நூலின் மூலம் மெய்ஞ்ஞானப் பொருளைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்து, கல்முனையில் ஆங்கிலக் கல்வி பயின்ற மயில்வாகனனார், பின்னர் சுவாமி விபுலாநந்தராக விளங்கியதை யாவரும் அறிவர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவரே விவேகாநந்தரின் ஞானயோகத்தைத் தமிழாக்கினார். விஞ்ஞானம் கற்றவர் ஆன்மாவைப் பேசலாகாது என்று அவர் கருதவில்லை; ஆன்மாவைப் பேசுவோர் விஞ்ஞானத்தை அஞ்ச வேண்டும் என்றும் கருதவில்லை. நண்பர் கந்தசாமிப்பிள்ளை மறைந்தபோது, 'கங்கையில் விடுத்த ஓலை' என்று அவர் பாடினார். வாதத்தில் வல்லாரும் துயரத்தின் போது, இறந்தவர் செவிக்கு எட்டும் என்பது போலவே பேசுகின்றனர்.

இனி வைத்தியசாலை வாசலுக்கு வருவோம். செயற்கைச் சுவாசக் கருவி வருமுன், மூச்சும் இதயமும் மூளையும் ஏறத்தாழ ஒன்றாகவே அடங்கின. கருவி வந்தபின், மூளை முற்றாக அழிந்த உடலிலும் இதயம் சில காலம் துடிக்கலாயிற்று. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று 1968ஆம் ஆண்டு, மூளையின் இயக்கம் மீளாதவாறு நின்றுவிடுதலை மரணத்தின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க, மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய சட்டம் மூளை மரணத்தை ஏற்றது.

மார்க்க அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு அக்கடமி 1986ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடி, மூளையின் இயக்கங்கள் யாவும் நின்று, அவை மீளா என்று வைத்திய நிபுணர் உறுதி கூறினால், இதயம் கருவியின் துணையால் துடித்தாலும் அதனை மரணமாகவே கொள்ளலாம் என்று தீர்மானித்தது. மக்காவில் 1987இல் கூடிய மற்றொரு பிக்ஹு மன்றமோ, கருவியை அகற்றலாம், ஆனால் அகற்றிய பின் மூச்சும் இதயமும் அடங்கும் வரை மரணம் என்று மார்க்கத் தீர்ப்புச் செய்யலாகாது என்றது. இரு சபையிலும் இருந்தோர் கற்றறிந்தோரே. அரிஸ்டாட்டிலுக்கும் கலேனுக்கும் இருந்த வழக்கு, ஓராண்டு இடைவெளியில் இரு தீர்ப்புகளாக வெளிப்பட்டது.

இவ்வழக்கு எத்தகைய பாரமுடையது என்பதை நான் ஒரு முறை நேரில் கண்டேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகன், வீதி விபத்தில் தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். மூளை இறந்துவிட்டது என்று வைத்தியர் பொறுமையோடும் தெளிவோடும் கூறினார். தாய் அவன் கையைப் பற்றியிருந்தார். "தம்பி, கை சூடாத்தானே இருக்கு, எப்படி மௌத்து எண்டு சொல்ற?" என்று என்னைக் கேட்டார். அங்கே மணிமேகலையின் வினாவும் ஹய்யின் வினாவும் ஒரே வாக்கியத்தில் நின்றன. நான் கற்ற தத்துவம் யாவும் அவ்வேளையில் என் நாவுக்கு வரவில்லை. வைத்தியர் கூறியது சரியென்று அறிந்திருந்தும், அவ்வெம்மையைப் பொய் என்று சொல்ல என்னால் இயலவில்லை. அவர் அருகே அமர்ந்திருந்தேன். அன்று மாலை அத்தாய் தாமே தலையசைத்து ஒப்புதல் தந்தார்.

மூளை மரணம் வேறு. நினைவிழந்து கிடத்தல் வேறு. இரண்டையும் குழப்பலாகாது. முன்னதிலிருந்து எவரும் மீண்டதில்லை. மூளையின் செயல் யாவும் அங்கே அழிந்துவிடுகிறது. பின்னதில் மூச்சு தானே ஓடும், கண்ணும் திறக்கலாம், ஆனால் உணர்வின் அடையாளம் இராது. இத்தகைய நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணொருத்தியை ஆங்கில நாட்டுக் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். தென்னிஸ் ஆடுவதாக எண்ணிப்பார் என்றும், உன் வீட்டு அறைகளினூடே நடப்பதாக எண்ணிப்பார் என்றும் அவளிடம் கூறி, மூளையின் செயலைக் கருவியாற் கண்டனர். நலமுடையோர் மூளை எவ்வாறு செயற்படுமோ அவ்வாறே அவள் மூளையும் செயற்பட்டது. விரலையும் அசைக்காத அவ்வுடலுக்குள்ளே கேட்டுக்கொண்டும் எண்ணிக்கொண்டும் ஒருத்தி இருந்தாள் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

கருவியின் உதவி பெற்றும், இங்கே நிகழ்ந்தது அனுமானமே அன்றோ? அவள் உணர்வை எவரும் கண்டிலர். மூளையின் குருதியோட்டத்தைக் கண்டு, உணர்வை உய்த்துணர்ந்தனர். ஒரு வௌவாலாய் இருப்பது அவ்வௌவாலுக்கு எவ்வாறிருக்கும் என்பதை அதன் நரம்புகளை எவ்வளவு ஆராய்ந்தாலும் நாம் அறிய முடியுமா என்று அமெரிக்க அறிஞர் தோமஸ் நேகல் 1974ஆம் ஆண்டு கேட்டார். மூளையின் செயல்களை விளக்குவது ஒப்பீட்டளவில் எளிய பிரச்சினை. அச்செயல்களோடு உள்ளே ஓர் அனுபவம் ஏன் நிகழ்கிறது என்பதே கடினமான பிரச்சினை என்று டேவிட் சால்மர்ஸ் 1995இல் எழுதினார். பூதவாதியின் மதுவில் களிப்பு எங்கிருந்து வந்தது என்பதே இது. மது பிறந்ததை விளக்கிவிடலாம். குடித்தவனின் களிப்பை அவனே அறிவான்.

ஆகவே, நீண்ட இவ்வரலாறு நமக்கு எதனைத் தருகிறது? என் உணர்வு எனக்கு ஐயமற்றது. இதனை இப்னு ஸீனாவும் மெய்கண்டாரும் காட்டினர். பிறர் உணர்வு எனக்கு அனுமானமே. இதனை மணிமேகலையின் வினாவிலிருந்து பெற்றோம். அதன் இயல்பைப் பகுத்தறிவால் மட்டும் முடித்துக் காட்டிவிட்டேன் என்று எவரும் மார்தட்டலாகாது. இதனை இமாம் கஸ்ஸாலி உணர்த்தினார். அனுமானம் தவறக்கூடும். தவறும் இடத்தில் எப்பக்கம் சாய்வது என்பதே நம் கையில் உள்ளது. நோவில்லை என்று கருதி முரட்டுத்தனம் காட்டித் தவறுவதைவிட, நோகும் என்று கருதி மென்மை காட்டித் தவறுவது மேல். பேசமாட்டாத நோயாளியின் கட்டிலருகே நின்று அவரைப் பற்றி இழிவாகப் பேசாதிருத்தலும், அறுக்கப்படும் பிராணியின் முன் கத்தி தீட்டலாகாது என்னும் நம் மார்க்க ஒழுக்கமும், வகுப்பின் கடைசி வாங்கில் வாய் திறவாதிருக்கும் பிள்ளைக்குள்ளும் ஒரு முழு உலகம் உண்டு என்று ஆசிரியர் எண்ணுதலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை, கடல் எமது ஊர்களுக்குள் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது இம்மாவட்டமே. பலரைப் பலரோடு சேர்த்து, விரைந்து அடக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் என்னிடம் பேசியோருள் பலர், வீடு போனதைச் சொல்லி ஆறிவிட்டனர். ஆனால் தம் பிள்ளைக்குத் தம் கையால் ஒரு வாளி நீர் மெல்ல ஊற்ற முடியாமற் போனதைச் சொல்லும்போது அவர்கள் குரல் உடைந்தது. அந்நீர் எவருக்குத் தேவை? இறந்தவருக்கு அதனை உணரும் ஆற்றல் உண்டா இல்லையா என்று அவர்கள் வாதிக்கவில்லை. உணர்வுள்ள ஒருவராக அவரை இறுதிவரை நடத்தியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் ஏக்கம்.

சிறுவனாய் நான் கேட்ட கேள்விக்கு முதியவர் தந்த விடையை இன்று நான் விடையாகவே ஏற்கிறேன். நமக்கு என்ன தெரியும்? தெரியாதவிடத்து அவர் கை ஓயவில்லை. நீர் முகந்தார், வெம்மையைத் தம் முழங்கையில் ஊற்றிப் பார்த்தார், பின்னரே உள்ளே கொடுத்தார்.